தாடை எலும்பு முறிவு: வீக்கம் வற்றிய பிறகும் ஏன் டாக்டரைப் பார்க்க வேண்டும்?

தாடையில் அடிபட்டவரைப் பார்க்கப் போகிறவர்கள் சொல்லும் ஆறுதல் ஒன்று உண்டு: "ரெண்டு வாரம் கஞ்சி குடிச்சா தானா கூடிரும்." ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று நீலகிரியின் எல்லாப் பக்கமும் இதைக் கேட்கலாம். இதில் உண்மையும் இருக்கிறது. முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் தாடை எலும்பு காலெலும்பைவிட வேகமாகவே கூடும். ஆனால் முறிந்த துண்டு நகர்ந்து எங்கே நிற்கிறதோ, அங்கேயே கூடும். பல் பொருந்தாமல், முகவாய் ஒரு பக்கம் கோணி, வாய் முழுதாகத் திறக்காமல் பல மாதம் கழித்து வருகிறவர்களில் பலருக்கு எலும்பு நன்றாகவே கூடியிருக்கும். கூடிய இடம்தான் தவறு. இப்படித் தவறான நிலையில் கூடிப்போவதைக் 'கோணல் இணைவு' என்று வைத்துக்கொள்வோம்.

தாமதத்தைப் பற்றிய பேச்சிலும் குழப்பம் அதிகம். அன்றிரவே ஆபரேஷன் செய்யாவிட்டால் முகமே போய்விடும் என்று பதறுகிறவர்கள் உண்டு. வீக்கம் வற்றிவிட்டது, இனி என்ன என்று இரண்டு மாதம் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. எத்தனை நாள் தாங்கும், அதற்குப் பிறகு ஏன் தாங்காது என்பது புரிய வேண்டுமானால், தாடை எப்படி நிற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## இரண்டு பக்கமும் தொங்கும் எலும்பு

கீழ்த்தாடை லாட வடிவமான ஒரே எலும்பு. அதன் இரண்டு முனைகளும் மேல்நோக்கி எழும்பி, காதுக்குச் சற்று முன்னால் மண்டையோட்டின் அடியில் உள்ள குழிகளில் உட்காருகின்றன. அந்த முனைக் குமிழுக்குப் பெயர் 'காண்டைல்'. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால், தோலுக்கு அடியில் அது உருள்வது தெரியும்.

இரண்டு சங்கிலியில் தொங்கும் ஊஞ்சல் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கச் சங்கிலியில் இரண்டு வளையம் குறைந்தால், அந்தப் பக்கம் மேலேறிப் பலகை முழுவதும் சாய்ந்துவிடும். தாடையிலும் அதேதான் நடக்கிறது. ஒரு பக்கக் காண்டைல் முறிந்து மடங்கினால் அந்தப் பக்கத்தின் உயரம் குறைகிறது. வாயை மூடும்போது அந்தப் பக்கக் கடைவாய்ப் பற்கள் முந்திக்கொண்டு முட்டும். எதிர்ப்பக்கம் இடைவெளி விழும். வாயைத் திறந்தால் முகவாய் அடிபட்ட பக்கமாகச் சாயும். இரண்டு பக்கமும் மடங்கிவிட்டால் கடைவாய்ப் பற்கள் மட்டும் முட்டி, முன்பற்கள் சேராமல் திறந்தே நிற்கும், முகவாயும் உள்வாங்கும்.

இன்னொன்று. அடி விழுந்த இடம் வேறு, எலும்பு முறிந்த இடம் வேறாக இருக்கலாம். முகவாய் தரையில் மோத, அந்த விசை எலும்பு வழியே ஏறி காண்டைலுக்குக் கீழே மெலிந்திருக்கும் எலும்புக் கழுத்தை முறிக்கும். முகவாயின் வலப்பக்கம் முறிந்தவருக்கு இடது தாடைக் கோணத்திலும் முறிவு இருப்பது சாதாரணம். அதனால் ஒரு முறிவு கண்ணில் பட்டதும் தேடலை நிறுத்தக் கூடாது.

மேல்பற்களும் கீழ்ப்பற்களும் பொருந்தி உட்காரும் விதத்துக்குப் 'பற்கடி' என்று பெயர். பல்லிடையே ஒரு தலைமுடி சிக்கினாலும் நமக்குத் தெரிந்துவிடும். பல்லைச் சுற்றியுள்ள நரம்புகளின் நுட்பம் அப்படி. கையெலும்பு சற்றே விலகிக் கூடினால் பெரும்பாலும் வேலைக்கு இடைஞ்சல் இருக்காது. தாடையில் ஓரிரு மில்லிமீட்டர் விலகினாலே மெல்லுவது தடுமாறும்.

சுருக்கமாக: கீழ்த்தாடை இரண்டு மூட்டில் தொங்குவதால் ஓரிடத்துக் குறை முழுத் தாடைக்கும் பரவும். அந்தக் குறையை முதலில் சொல்வது பற்கடி.

## துண்டுகளை நகர்த்துவது தசைகள்

அடியின் வேகம் ஒரு நொடியில் முடிந்துவிடும். அதற்குப் பிறகும் துண்டுகள் நகர்ந்துகொண்டிருப்பது, நம்முடைய தசைகளே அவற்றை இழுப்பதால். பல்லை இறுகக் கடித்தால் கன்னத்தில் ஒரு தசை புடைக்குமே, அதுவும் அதற்கு உள்பக்கமாக உள்ள இன்னொரு தசையும் தாடையின் பின்பகுதியை மேலே தூக்கும். முகவாயிலிருந்து தொண்டை எலும்புக்குப் போகும் தசைகள் முன்பகுதியைக் கீழேயும் பின்னேயும் இழுக்கும். தாடைக் கோணத்தில் முறிவு விழுந்தால் பின்துண்டு மேலேறும், முன்துண்டு கீழிறங்கும். பேசும்போதும் விழுங்கும்போதும் இந்த இழுவை தொடரும். முதல் நாள் எக்ஸ்ரேயில் லேசான கீறலாக இருந்தது பத்தாம் நாள் விலகி நிற்பதும் உண்டு.

முகவாயின் இரண்டு பக்கமும் முறிந்தால் ஆபத்து வேறு வகை. நாக்கைப் பிடித்திருக்கும் எலும்புத் துண்டே பின்னால் சரியும். மல்லாந்து படுத்தால் நாக்கு மூச்சுக்குழாயை அடைக்கும். தாடை முறிவில் நிமிடக் கணக்கில் பதறவேண்டிய இடம் இதுதான்.

மேல்தாடையும், கன்ன எலும்பு மற்ற எலும்புகளோடு சேரும் இடங்களும் மெல்லியவை. இவற்றில் தசை இழுவை குறைவு, அடித்த விசையே துண்டைப் பின்னுக்குத் தள்ளி உள்ளே அமுக்கிவிடும். இந்த முறிவுகள் ஒழுங்கில்லாமல் நொறுங்குவதில்லை, சில குறிப்பிட்ட கோடுகளில் பிரிகின்றன என்று பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே லெ ஃபோர் 1901-இல் காட்டினார். இன்றும் ஸ்கேன் அறிக்கையில் "லெ ஃபோர் 1, 2, 3" என்று எழுதுவது அவர் பெயரால்தான்.

## எலும்பு கூடும் நாட்கணக்கு

முறிந்ததும் இடைவெளியில் ரத்தம் உறைகிறது. முதல் சில நாட்களில் வீக்கமும் வலியும் உச்சத்தில் இருக்கும்; பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாள்தான் முகம் மிகவும் உப்பியிருக்கும். அடுத்து உறைந்த ரத்தத்துக்குள் புதிய ரத்தக் குழாய்களும் நாரிழைகளும் வளரும். இரண்டு மூன்று வாரத்தில் துண்டுகளுக்கு நடுவே மென்மையான பாலம் உருவாகிறது. இதை 'கேலஸ்' என்பார்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் கேலஸில் சுண்ணச்சத்து ஏறி உண்மையான எலும்பாகிவிடும். அதன் பிறகு மாதக்கணக்கில் எலும்பு தன்னைச் செதுக்கிக்கொள்ளும். குழந்தைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் ஏறக்குறைய பாதி. ஒரு வாரத்திலேயே துண்டுகள் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும்.

இதை வைத்துத் தாமதத்தை அளந்து பாருங்கள். முதல் வாரத்தில் துண்டுகளைக் கையால் நகர்த்திப் பொருத்தலாம். முறிந்த விளிம்புகள் கூர்மையாக இருப்பதால் ஒன்றோடொன்று சரியாகக் கவ்வும். இரண்டு வாரம் தாண்டினால் நடுவில் வளர்ந்த நாரையும் கேலஸையும் சுரண்டி எடுக்க வேண்டும்; விளிம்புகள் மழுங்கியிருக்கும், எது எங்கே பொருந்தியது என்பதன் தடயம் குறையும். ஆறு வாரம் தாண்டினால் கூடிய எலும்பை மறுபடி அறுத்துத்தான் பிரிக்க முடியும். மெல்லிய மேல்தாடையிலும் கன்ன எலும்பிலும் இன்னும் கெடுபிடி. இரண்டு வாரத்துக்கு மேல் அவற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது கடினமாகிவிடும்.

ஆக, மூன்று நாள் காத்திருப்பது பெரும்பாலும் குற்றமில்லை. கன்ன எலும்பு, கண்குழி முறிவுகளில் வீக்கம் வற்றட்டும் என்று டாக்டரே ஐந்து ஏழு நாள் தள்ளிவைப்பார். உப்பிய முகத்தில் இரண்டு கன்னமும் சமமா என்று பார்க்க முடியாதே! மூளையிலோ நெஞ்சிலோ அடி இருந்தால் அதுதான் முதலில். இவையெல்லாம் திட்டமிட்ட தாமதம். யாரும் பார்க்காமலேயே போகும் மூன்று வாரம்தான் முகத்தைக் கெடுக்கிறது.

## மலையில் ஏன் நாள் ஓடிவிடுகிறது

முதல் காரணம் வீக்கம்தான். ஒரு வாரத்தில் அது வற்றும், வலியும் குறையும். கூட வந்தவர்கள் நிம்மதியாகிவிடுவார்கள். வலி குறைவது வீக்கம் வற்றி, துண்டுகளுக்கு நடுவே நார் பிடிக்கத் தொடங்கியதால். அவை சரியான இடத்தில் இருக்கின்றனவா என்பதற்கும் வலிக்கும் தொடர்பே இல்லை. திருத்துவதற்கு மிச்சமிருக்கும் நல்ல நாட்கள் கழியும்போதுதான் ஆளும் தெம்பாகத் தெரிவார். இந்த இடத்தில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம்.

இரண்டாவது, கவனம் வேறு காயத்தில் போய்விடுவது. கோத்தகிரி, குன்னூர்த் தேயிலைத் தோட்டங்களில் கரடி தாக்கினால் குறி பெரும்பாலும் முகம்தான். கிழிந்த தோலைத் தைப்பதும், காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுவதும், வெறிநோய்த் தடுப்பூசி போடுவதும் அவசியமான வேலைகள். அந்த அவசரத்தில் அடியில் நொறுங்கிய எலும்பு கணக்கில் வராமல் போகும். கல்லட்டி இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன வண்டியிலிருந்து கால் முறிந்து வருகிறவரின் கதையும் இதுதான். கால் ஆபரேஷன் முடிந்து வார்டில் சோறு வரும் நாளில்தான் "பல்லு சேரல" என்பார். மிளகு பறிக்கவோ கிளை கழிக்கவோ சில்வர் ஓக் மரம் ஏறி விழுந்தவர்களுக்கும் இப்படியே.

மூன்றாவது, கீழே போக வேண்டியிருப்பது. ஊட்டியிலிருந்து கோவைக்குச் சுமார் 85 கிலோமீட்டர். கூடலூர்க்காரருக்கு அதற்கு மேலும் 50. ஒரு நாள் போய் வந்தால் கொழுந்துக் கூலி போகும், கூட வருபவரின் கூலியும் போகும். தோட்ட டிஸ்பென்சரியில் வலி மாத்திரையும் ஊசியும் கிடைத்தால் அதோடு நிறுத்திக்கொள்ளத் தோன்றுவதில் வியப்பில்லை. இதற்காக அந்தக் குடும்பத்தைக் குறைசொல்வது நியாயமே இல்லை. ஆனால் இந்தக் கணக்கில் ஒன்று விடுபடுகிறது. பத்து நாளுக்குள் ஒரு பயணத்தில் முடிகிற வேலை, ஆறு மாதம் கழித்துப் பல பயணமாகும்.

## வீட்டிலேயே சந்தேகப்படுவது எப்படி

பின்வருவதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்காமல் விடாதீர்கள்.

அடிபட்டவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "முன்ன மாதிரி பல்லு சேருதா?" இல்லை என்றால், வேறு அடையாளமே இல்லாவிட்டாலும் முறிவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, கீழுதடும் முகவாயும் மரத்துப்போயிருக்கிறதா? உணர்ச்சி நரம்பு கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே ஓடுகிறது, எலும்பு விலகினால் அது நசுங்கும். மேலுதடும் கன்னமும் மரத்தால் கன்ன எலும்பைச் சந்தேகிக்க வேண்டும். நாக்குக்கு அடியில் ரத்தம் கட்டி நீலமாக இருப்பது, ஈறு கிழிந்து இரண்டு பல்லுக்கு நடுவே படி விழுவது, காதிலிருந்து ரத்தம் வருவது, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவது ஆகியவையும் அடையாளங்கள். காது ரத்தம் மண்டையோட்டு முறிவாலும் வரலாம். அது வந்தால் உடனே கிளம்புங்கள்.

வாய் எவ்வளவு திறக்கிறது என்பதை அவரவர் விரலாலேயே பார்க்கலாம். ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடிந்தால் போதுமானது. பள்ளி ஸ்கேலால் அளந்தால் பெரியவர்களுக்கு 35 முதல் 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

எடுக்க வேண்டிய படம் 'ஓ.பி.ஜி.' எனப்படும் எக்ஸ்ரே. முழுத் தாடையையும் விரித்துவைத்ததுபோல் ஒரே படத்தில் காட்டும். காண்டைலிலோ மேல்தாடையிலோ சந்தேகம் என்றால் சி.டி. ஸ்கேன். தலைக்கு எப்படியும் சி.டி. எடுக்கிறார்கள் என்றால், "தாடை வரைக்கும் சேர்த்து எடுங்க" என்று அப்போதே கேட்டுவிடுவது நல்லது. இன்னொரு முறை கீழே போகும் வேலை மிச்சமாகும். இந்த முறிவுகளைப் பார்க்கிறவர் முகத்தாடை அறுவை மருத்துவர், பல் மருத்துவம் படித்து அதற்குமேல் முக எலும்பு அறுவையில் பயிற்சி பெற்றவர். ஊட்டியில் 2022-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியிலோ கோவை அரசு மருத்துவமனையிலோ பல் பிரிவைக் கேட்டுப் போகலாம்.

## மலையிறங்கும் முன் செய்ய வேண்டியவை

ரத்தமும் எச்சிலும் வெளியே வடியும்படி உட்காரவைத்து முன்னால் சாய்த்துவைக்கவும். மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்கவும். கழுத்தில் அடி என்ற சந்தேகம் இருந்தால் தலையையும் உடலையும் ஒரே கோட்டில் சேர்த்துத் திருப்ப வேண்டும். மல்லாக்கப் போடுவது கூடவே கூடாது. தாடையையும் தலையையும் சேர்த்துத் துணியால் இறுக்கிக் கட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது முறிந்த துண்டைப் பின்னுக்குத் தள்ளும், வாந்தி வந்தால் வாய் திறக்காது. ஐஸைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வைத்து எடுக்கலாம். ஆபரேஷன் வேண்டியிருக்கலாம் என்பதால் சாப்பிட எதுவும் கொடுக்க வேண்டாம்.

வேரோடு விழுந்த நிலைப்பல் இருந்தால் வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் போட்டுக் கொண்டுபோங்கள். அரை மணி நேரத்துக்குள் திரும்பப் பதித்தால் பிழைக்கும் வாய்ப்பு நல்லது. விழுந்த பல் கிடைக்காவிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும், நுரையீரலுக்குள் போயிருக்கலாம்.

பல் இருக்கும் பகுதியில் எலும்பு முறிந்தால், தோல் கிழியாவிட்டாலும் அது திறந்த காயம்தான். பல்லைச் சுற்றியுள்ள சந்து வழியே வாய்க்கிருமிகள் எலும்புக்குள் இறங்கும். ஆபரேஷன் நான்கு நாள் தள்ளிப்போனாலும் ஆன்டிபயாடிக், டெட்டனஸ் ஊசி, உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பது மூன்றும் முதல் நாளே தொடங்க வேண்டும். புகையிலையும் பீடியும் அன்றோடு நிற்க வேண்டும்.

சாலை விபத்து என்றால் 108-ஐ அழையுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. வெளிமாநிலச் சுற்றுலாக்காரருக்கும் இது பொருந்தும்.

## குழந்தையின் முகவாய்த் தையல்

இந்தப் பகுதியை எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கும் ஒவ்வொரு தாயும் அங்கன்வாடி டீச்சரும் படிக்க வேண்டும். படிக்கட்டில் விழுந்த குழந்தைக்கு முகவாய்க்கு அடியில் கிழிந்து, மூன்று தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள். தையல் பிரிக்கும் நாளோடு எல்லோரும் மறந்துவிடுவார்கள். அந்த விசை காண்டைலை நொறுக்கி மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருந்தால், குழந்தை வலிக்குப் பயந்து வாயைத் திறக்காமலே இருக்கும். அசையாத மூட்டில் உறைந்த ரத்தம் எலும்பாக மாறி, தாடை மண்டையோட்டோடு ஒட்டிக்கொள்ளும். இதற்கு 'மூட்டு ஒட்டல்' என்று பெயர்.

வாய் சிறிது சிறிதாகத்தான் அடையும். முதலில் கரும்பு கடிக்க முடியாது, பிறகு இட்லியைப் பிய்த்துத் திணிக்க வேண்டியிருக்கும், கடைசியில் பல்லிடுக்கு வழியே கஞ்சி. தாடை வளர்வதில் காண்டைலுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதால், கெட்ட பக்கம் வளராமல் நின்று முகவாய் அந்தப் பக்கம் இழுபடும். பார்க்கிறவர் கண் ஏமாறுவதும் இங்கேதான். வளராத பக்கக் கன்னம் சதை குவிந்து உருண்டையாக அழகாகத் தெரியும்; நல்ல பக்கம் நீண்டு தட்டையாகத் தெரியும். வீட்டார் நல்ல பக்கத்தைக் காட்டி "இதுதான் சூம்பிப்போச்சு" என்பார்கள். இரண்டு பக்கமும் ஒட்டினால் முகவாயே இல்லாததுபோல் ஆகி, இரவில் குறட்டையும் மூச்சுத் தடையும் வரும்.

இதைத் தடுப்பது எளிது என்பதுதான் மனதை வருத்துகிறது. குழந்தைகளின் காண்டைல் முறிவுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் தேவையில்லை. வாயைக் கட்டுவதாக இருந்தாலும் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் கட்டக் கூடாது. அதன் பிறகு நாள்தோறும் வாய்ப் பயிற்சி. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லிடையே வைத்து, சில நாளுக்கு ஒரு குச்சி கூட்டுவார்கள். மாதம் ஒருமுறை ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதிவையுங்கள். அளவு குறைந்தால் அடுத்த பஸ்ஸில் கிளம்புங்கள்.

சுருக்கமாக: முறிந்த தாடைக்குப் பொதுவாக அசையாமல் இருப்பது மருந்து. குழந்தையின் காண்டைலுக்கு அசைவுதான் மருந்து.

## உரிய நாளில் செய்தால் என்ன செய்வார்கள்

இரண்டு வழி. விலகல் குறைவாக இருந்தால் மேல்பற்களிலும் கீழ்ப்பற்களிலும் கம்பிப் பட்டை கட்டி, பற்கடி பொருந்திய நிலையில் இரண்டையும் சேர்த்து நான்கு முதல் ஆறு வாரம் பூட்டிவைப்பார்கள். விலகல் அதிகம் என்றால் வாய்க்குள்ளேயே ஈறைத் திறந்து, எலும்பைப் பொருத்தி, டைட்டானியம் பிளேட் வைப்பார்கள். சுமார் 1 மில்லிமீட்டர் தடிமன், 2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள திருகாணி. தாடையின் எந்தக் கோட்டில் வைத்தால் இவ்வளவு சிறிய தகடே மெல்லும் விசையைத் தாங்கும் என்பது 1970-களில் பிரான்சில் ஷாம்பி போன்றோரின் ஆய்வில் தெளிவானது. தாடைக் கோணத்துக்கு ஒன்று, முகவாய்ப் பகுதிக்கு இரண்டு என்ற கணக்கு அங்கிருந்து வந்ததே.

மயக்கக் குழாயை மூக்கு வழியே விடுவதற்கும் பற்கடிதான் காரணம். வாயை முழுதாக மூடிப் பல் சேர்கிறதா என்று பார்த்த பிறகே திருகாணி ஏறும். எலும்பு அழகாகப் பொருந்திப் பல் பொருந்தாவிட்டால், திருகாணியைக் கழற்றித் திரும்பவும் செய்வார்கள்.

வாயைப் பூட்டிய நிலையில் மலையேறுகிறவருக்கு ஒரு எச்சரிக்கை. மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது குமட்டும். பூட்டிய வாய்க்குள் வாந்தி வந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போகலாம். கிளம்பும் முன் வாந்தித் தடுப்பு மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள், முன் சீட்டில் உட்காருங்கள், வயிறு நிறையக் குடித்துவிட்டு ஏறாதீர்கள். ரப்பர் வளையத்தால் பூட்டியிருந்தால் கத்தரிக்கோல், கம்பியால் பூட்டியிருந்தால் கட்டிங் பிளேயர் கூட வருபவரின் பையில் இருக்க வேண்டும். எந்தக் கம்பியை வெட்டுவது என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே காட்டச் சொல்லுங்கள்.

அந்த வாரங்களில் ராகிக் கஞ்சி, முட்டை அடித்த பால், அரைத்து வடிகட்டிய பருப்பு, அவரைக்கொட்டைச் சாறு என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளே போக வேண்டும். வெறும் அரிசிக் கஞ்சியோடு நிறுத்தினால் எலும்பு கூடுவதே மந்தமாகும். பிளேட்டைப் பெரும்பாலும் எடுக்க வேண்டியதில்லை. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் சிலருக்கு அந்த இடம் கூசும். சீழோ வெளியே தெரிவதோ இல்லாவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை.

## நாள் கடந்துவிட்டால்

முதலில், எலும்பு கூடாமலே போயிருக்கலாம். துண்டுகள் அசைந்துகொண்டே இருந்து கிருமியும் சேர்ந்தால் சீழ் பிடித்து, முகவாய்க்கு அடியில் துளை விழுந்து கசியும். சர்க்கரை நோய், புகையிலை, பல்லெல்லாம் விழுந்து மெலிந்த தாடை இருந்தால் இந்த வாய்ப்பு கூடும். சீழை வெளியேற்றி, செத்த எலும்பை எடுத்து, தடித்த பிளேட் வைத்து, வேண்டுமானால் இடுப்பெலும்பிலிருந்து துணுக்கு எடுத்து நிரப்புவார்கள்.

கோணலாகக் கூடியிருந்தால், எவ்வளவு கோணல் என்பதுதான் வழியைத் தீர்மானிக்கும். ஒன்றிரண்டு பல் மட்டும் முட்டினால் அவற்றைத் தேய்த்தே சரிசெய்யலாம், இல்லாவிட்டால் பல்லுக்குக் கம்பி போட்டு மெல்ல நகர்த்தலாம். அதற்கு மேல் என்றால் எலும்பை அறுத்துத் திரும்பவும் பொருத்த வேண்டும். பழைய நிலை எது என்று கண்டுபிடிக்கும் விதம் வியப்பானது. பற்களின் அச்சைப் பிளாஸ்டரில் வார்த்து, அந்த வார்ப்பை முறிந்த கோட்டில் அறுத்து நகர்த்திப் பார்ப்பார்கள். பல வருடம் மென்றதில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தேய்த்து உண்டாக்கிய மழமழப்பான முகங்கள் எந்த நிலையில் கச்சிதமாகப் பொருந்துகின்றனவோ அதுதான் பழைய பற்கடி. அந்த நிலையில் ஒரு அக்ரிலிக் தகடு செய்து, ஆபரேஷனின்போது பல்லிடையே வைத்து எலும்பைப் பூட்டுவார்கள். இப்போது சி.டி.யிலிருந்து கணினியிலேயே இதைத் திட்டமிடுவதும் உண்டு.

காண்டைல் மடங்கிக் கூடியிருந்தால் அந்தப் பழைய முறிவைத் தொடாமல், தாடையின் பின்பகுதியையோ மேல்தாடையையோ அறுத்து நகர்த்திப் பற்கடியைச் சேர்ப்பார்கள். மூட்டு ஒட்டிவிட்டால் ஒட்டிய எலும்பை வெட்டி இடைவெளி உண்டாக்கி, அது மறுபடி சேராமலிருக்கப் பொட்டுத் தசையின் ஒரு பகுதியை இடையில் வைப்பார்கள். குழந்தையாக இருந்தால் விலா எலும்பின் நுனியைக் குருத்தோடு எடுத்துப் புதிய காண்டைலாக வைப்பதும் உண்டு. குட்டையான தாடையை அறுத்துக் கருவி பொருத்தி, நாளுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் நீட்டலாம். வாயே திறக்காதவருக்கு மயக்கம் கொடுப்பதுகூடச் சிக்கல்தான், கேமரா உள்ள மெல்லிய குழாயை மூக்கு வழியே விட்டுத்தான் மூச்சுக்குழாயைப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம், ஒரு வருடம் வாய்ப் பயிற்சி செய்ய வேண்டும்; விட்டால் மூட்டு திரும்பவும் ஒட்டிக்கொள்ளும்.

எவ்வளவு செய்தாலும் சில முழுதாகத் திரும்புவதில்லை. நாள்பட்ட உதட்டு மரமரப்பு, உள்வாங்கிய கண்ணால் வரும் இரட்டைப் பார்வை, நசுங்கிய கன்னத்தின் பழைய எடுப்பு ஆகியவற்றில் பாதி வெற்றிகூடப் பெரிது. அதற்காக "இத்தனை வருஷம் ஆச்சு, இனி என்ன" என்று விட்டுவிடவும் வேண்டாம். வாய் திறப்பதையும் மெல்லுவதையும் பல வருடம் கழித்தும் மீட்க முடியும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அதில் இது வருமா என்று அந்த மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முதலில் கேளுங்கள். போகும்போது அடிபட்ட நாளின் சீட்டு, விபத்துப் பதிவேட்டின் நகல், பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். அடிபடுவதற்கு முன் பல் தெரியச் சிரித்து எடுத்த போட்டோ ஒன்றும் பையில் இருக்கட்டும். முகவாய் எங்கே இருந்தது, முன்பற்களின் நடுக்கோடு எங்கே நின்றது என்று டாக்டர் அதை வைத்துத்தான் அளப்பார்.